கண்ணாடி சொன்னபடி நின்ற திரவம்

(ஓட்டோ லேமன் வாழ்க்கைக் கதை)

மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



உங்க பையில் இருக்கும் கால்குலேட்டரை ஒரு நிமிஷம் வெளியே எடுங்க. ஏதாவது ஒரு எண்ணைத் தட்டுங்க. அந்தக் கறுப்பு எண் எப்படித் தெரிகிறது? மின்சாரத்தால் என்று நாலு பேரில் மூணு பேர் சொல்வோம். பதில் பாதிதான் சரி. மின்சாரம் வந்து சேருவதற்கு முன்பே, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு திரவம், டிரில் மைதானத்தில் நிற்கும் என்.சி.சி. பையன்கள் மாதிரி வரிசையாக நின்றிருக்க வேண்டும். வரிசை இல்லையென்றால் என்னதான் வோல்ட்டேஜ் கொடுத்தாலும் எண் தெரியாது.

அந்த வரிசையை யார் போடுகிறார்கள் தெரியுமா? கண்ணாடிதான்! அதன் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய பூச்சைப் பூசி, மெத்தென்ற துணியால் ஒரே திசையில் தேய்த்து வைக்கிறார்கள். அந்தத் தேய்ப்பின் திசையை ஒட்டியே திரவத்தின் மூலக்கூறுகள் படுத்துக்கொள்கின்றன. வீட்டில் அலமாரிக் கண்ணாடியை அம்மா துடைக்கிறார்களே, அதைப் போன்ற ஒரு வேலையில்தான் உலகத்தின் கோடானுகோடி டிஸ்ப்ளேக்கள் நிற்கின்றன.

நம் ஆண்டு மலரில் வருஷா வருஷம் எடிசன் வருவார், சர் சி.வி. ராமன் வருவார், ஐன்ஸ்டைன் வருவார். வரட்டும், நல்லதுதான். இந்த வருஷம் நான் அழைத்து வருகிறவர் வேறு ஒருவர். திரவப் படிகம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர். பள்ளி வாத்தியாராக இருந்தபோதே ஒரு கருவியைக் கட்டியவர். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தன் கண் பார்த்ததைப் பிறர் நம்பாமல் போனதைச் சகித்தவர். கண்ணாடியின் மேற்பரப்பு திரவத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்பதைப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர். பெயர் ஓட்டோ லேமன்.

வாத்தியார் வீட்டுப் பிள்ளை

லேமன் 1855ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்தார். அப்பா கணக்கு வாத்தியார். ஆனால் கணக்கோடு நிற்கிற மனிதர் அல்ல. மைக்ரோஸ்கோப் என்றால் உயிர். இயற்கையில் காணும் வடிவங்களை எல்லாம் பெருக்கிப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. அந்த ஆசை பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. நம்ம வீடுகளில் மெக்கானிக் அப்பாவின் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு திரியும் பையன்களைப் பார்த்திருக்கோம் இல்லையா? அந்தக் கதைதான்.

பிறகு ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிப்பு. அங்கே படிகவியலில் பெரிய பெயர் பெற்ற பால் குரோத் என்பவரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஒரே பொருள் வெவ்வேறு படிக வடிவங்களில் இருப்பது ஏன், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு எந்த வெப்பநிலையில் தாவுகிறது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

கேள்வி சரி. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் கருவி கடையில் கிடையாது! அந்தக் காலத்து மைக்ரோஸ்கோப் ஆறிப்போன பொருளைக் காட்டும். உருகிக்கொண்டிருக்கும் பொருளைக் காட்டாது. சூடேற்றும்போதே, அந்த நொடியிலேயே, படிகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். என்ன செய்வது?

பள்ளிக்கூடத்தில் பிறந்த கருவி

டாக்டர் பட்டம் வாங்கிய லேமனுக்கு உடனே பல்கலைக்கழக நாற்காலி கிடைத்துவிடவில்லை. மூல்ஹவுசன் என்ற ஊரில் இயற்பியல், வேதியியல், கணிதம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1883 வரை அதுதான் பிழைப்பு. அந்த வருஷங்களில்தான் அவர் தன் மைக்ரோஸ்கோப்பைத் திருத்தித் திருத்திச் சீர்செய்தார்.

கருவியின் அமைப்பைக் கேளுங்க. மேடைக்குக் கீழே ஒரு சின்ன காஸ் சுடர். சுடரைக் கூட்டினால் கண்ணாடிச் சில்லும் அதன்மேல் இருக்கும் பொருளும் சூடாகும். குளிர்விக்கக் காற்றை ஊதும் குழாய். சில்லுக்குக் கீழே ஒரு நிகல் பட்டகம், மேலே இன்னொரு நிகல் பட்டகம். இப்போது நாம் போலராய்டு தாள் வைக்கும் இடத்தில் அன்று கால்சைட் கல்லில் அறுத்து ஒட்டிய இந்தப் பட்டகத்தை வைப்பார்கள். சூடு, குளிர், தளவிளைவுற்ற ஒளி... மூன்றையும் ஒரே மேடையில் கொண்டுவந்தார் அந்த வாத்தியார்.

நிகல் பட்டகங்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வைத்தால் என்ன ஆகும்? கீழே இருப்பது ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். மேலே இருப்பது அதைத் தடுத்துவிடும். பார்வை இருட்டு. நடுவில் தண்ணீரையோ எண்ணெயையோ வைத்தாலும் அதே இருட்டு. ஆனால் நடுவில் பெரும்பாலான படிகங்களை வைத்தால் ஒளியின் அதிர்வு மாறி, வண்ண வண்ணமாக வெளிச்சம் வரும். ஆகவே அந்தக் காலத்து விதி ரொம்பச் சுலபம்: இருட்டா, திரவம். வெளிச்சமா, படிகம்.

இந்த விதியை உடைக்கும் ஒரு பொருளை அவர் முதலிலேயே சந்தித்திருந்தார். சில்வர் அயோடைடு ஏறத்தாழ 146 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறு படிகமாக மாறுகிறது. அந்தப் படிகமோ அழுத்தினால் களி மாதிரி நெகிழ்கிறது. படிகம் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் முதல் விரிசல் அது.

பிராக் நகரத்திலிருந்து ஒரு கடிதம்

1883இல் ஆகன் நகரத்துத் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் லேமனுக்கு இடம் கிடைத்தது. அங்கே இருக்கும்போது, 1888 மார்ச் 14 தேதியிட்ட ஒரு நீண்ட கடிதம் வந்தது. எழுதியவர் பிராக் நகரத்தில் இருந்த ஃப்ரீட்ரிக் ரைனிட்ஸர். இயற்பியல்காரர் அல்ல, தாவரவியல்காரர்! தாவரங்களில் இருக்கும் கொலஸ்டிரால் சம்பந்தப்பட்ட பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொலஸ்டிரில் பென்சோயேட் என்ற பொருளைச் சூடாக்கியபோது அவருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது.

அந்தப் பொருள் 145.5 டிகிரியில் உருகியது. ஆனால் உருகியது கலங்கலாக, மோர் மாதிரி இருந்தது. இன்னும் சூடாக்கினால், 178.5 டிகிரியில் சட்டென்று தெளிந்தது. ஆற விட்டால் நீலமும் ஊதாவுமாக நிறங்கள் ஓடின. ஒரு பொருளுக்கு ஓர் உருகுநிலை என்றுதானே நமக்கு முதலாண்டில் சொல்லிக்கொடுத்தார்கள்? இதற்கு இரண்டு!

ரைனிட்ஸர் மாதிரிகளையும் கூடவே அனுப்பியிருந்தார். லேமன் தன் மேடையில் வைத்துச் சுடரை ஏற்றினார். குறுக்கே நின்ற பட்டகங்களுக்கு நடுவில் அந்தக் கலங்கல் திரவம் பளிச்சென்று ஒளிர்ந்தது. அதே நேரத்தில் அது ஓடியது! ஓடுவதால் திரவம். ஒளிர்வதால் படிகம். முதலில், திரவத்துக்குள் நுண்ணிய திடப் படிகங்கள் மிதக்கின்றன என்றே அவரும் நினைத்தார். திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வந்தார்: மிதக்கும் படிகம் ஒன்றும் இல்லை, அந்தத் திரவமே படிகத் தன்மையோடு இருக்கிறது. 1889இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், ஓடும் படிகங்கள் பற்றி என்பது.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். முதலில் விசித்திரத்தைக் கண்டவர் ரைனிட்ஸர். அதை வாழ்நாள் ஆராய்ச்சியாக்கியவர் லேமன். பெயர் யாருக்குச் சேர வேண்டும் என்று பின்னால் பிரச்சினை எழுந்து, 1908இல் ரைனிட்ஸர் தன் பங்கை எழுத்தில் வலியுறுத்தினார். இன்று இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம். அதுதான் முறை.

ஹெர்ட்ஸ் இருந்த இடத்தில்

ஆகனிலிருந்து டிரெஸ்டன், அங்கிருந்து 1889இல் கார்ல்ஸ்ரூ. கார்ல்ஸ்ரூ என்றதும் நம்ம துறைப் பையன்களுக்கு மின்னல் அடிக்க வேண்டும். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் செய்து காட்டிய ஊர் அது. ஹெர்ட்ஸ் பான் நகரத்துக்குப் போனதும் அவர் வகித்த இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு வந்தவர் லேமன். கடைசி வரை கார்ல்ஸ்ரூதான் அவர் ஊர்.

அவர் செய்த இன்னொரு வேலையை நான் குறிப்பாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜோசப் ஃபிரிக் என்பவர் எழுதிய செய்முறை இயற்பியல் கையேடு ஒன்று ஜெர்மனியில் பிரபலம். வகுப்பில் சோதனை செய்து காட்டுவது எப்படி, எளிய கருவிகளை நாமே செய்துகொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகம். அதன் ஏழாம் பதிப்பைத் திருத்தி விரித்து எழுதும் பொறுப்பை லேமன் ஏற்றார். 1904 முதல் 1909 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. உலகம் முழுக்கத் தன் பெயரை எதிர்த்து வாதம் நடந்த அதே வருஷங்களில், இந்த மனிதர் லேப்பில் கருவி செய்வது எப்படி என்று மாணவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தார்! நமக்கெல்லாம் ரெக்கார்டு நோட்டு எழுதவே கை வலிக்கிறது.

கலங்கல் வழக்கு

என்ன வாதம் அது? லேமனை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் குஸ்தாவ் டம்மான். லேசுப்பட்டவர் அல்ல, பெரிய வேதியியல் அறிஞர். அவர் கட்சி இதுதான்: கலங்கலாக இருக்கிறதா? அப்படியென்றால் அது எமல்ஷன். பாலில் கொழுப்புத் துளிகள் இருப்பது போல, ஒரு திரவத்துக்குள் இன்னொரு திரவம் துளித்துளியாகக் கலந்திருக்கிறது. பொருள் சுத்தமில்லை. சுத்தப்படுத்தினால் விசித்திரம் மறைந்துவிடும்.

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. படிகம் என்றால் அணுக்கள் அசையாத அடுக்கு என்று நினைத்த காலம். ஓடுகிற படிகம் என்பதே அவர்களுக்கு ஓடுகிற சுவர் மாதிரிப் பட்டது.

ஆனால் சான்றுகள் ஒவ்வொன்றாக லேமன் பக்கம் சேர்ந்தன. 1890இல் லுட்விக் காட்டர்மான் பாரா-அசாக்சிஅனிசோல் போன்ற பொருள்களைத் தயாரித்துக் கொடுத்தார். அவற்றிலும் அதே ஓட்டம், அதே ஒளிர்வு. ருடால்ஃப் ஷெங்க் அடர்த்தியையும் பாகுநிலையையும் அளந்தார். எத்தனை முறை சுத்தப்படுத்தினாலும் தெளியும் வெப்பநிலை கூர்மையாகவே இருந்தது. 1905இல் கார்ல்ஸ்ரூவிலேயே வேதியியலாளர்கள் கூடிய மாநாட்டில் விஷயம் நேருக்கு நேர் விவாதிக்கப்பட்டது. டம்மான் அப்போதும் இறங்கிவரவில்லை. ஹாலே நகரத்தில் டானியல் ஃபோர்லாண்டர் இத்தகைய பொருள்களை நூற்றுக்கணக்கில் செய்து, நீண்டு நேராக இருக்கும் மூலக்கூறுகளே இந்தக் குணத்தைக் காட்டுகின்றன என்று கண்டார். குச்சி மாதிரி மூலக்கூறு! குச்சிகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கலாம்; அதே சமயம் ஒன்றையொன்று உரசி நழுவவும் செய்யலாம். ஓடும் படிகத்தின் ரகசியம் இதுதான்.

அப்படியானால் கலங்கல் ஏன்? திரவம் தடிமனாக இருக்கும்போது ஒரு பகுதியில் குச்சிகள் கிழக்கே பார்க்கும், பக்கத்துப் பகுதியில் வடக்கே பார்க்கும். எல்லையில் ஒளி சிதறுகிறது. நம் கண்ணுக்குக் கலங்கல். எல்லாக் குச்சிகளையும் ஒரே திசையில் நிறுத்திவிட்டால்? கலங்கல் போய்விடும்! பொருள் அதே பொருள், வெப்பநிலை அதே வெப்பநிலை. ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிவு. என்னைக் கேட்டால் எமல்ஷன் கட்சிக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. சும்மா இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நிறுத்தினால் பால் தெளிந்துவிடுமா என்ன?

நிறுத்துவது யார்? அங்கேதான் கண்ணாடி வருகிறது.

கண்ணாடியின் பிடி

லேமன் பார்த்ததெல்லாம் ஒரு கண்ணாடிச் சில்லுக்கும் மேல்மூடிக்கும் நடுவே இருந்த மெல்லிய படலத்தை. அந்தப் படலத்தில் இரண்டு பக்கமும் சுவர். நடுவில் மட்டும் திரவம். சுவரை ஒட்டிய மூலக்கூறுகள் மற்றவை மாதிரி சுதந்திரமாக இல்லை, கண்ணாடி அவற்றைப் பிடித்துவைத்து ஒரு திசையைக் கொடுக்கிறது என்று அவர் கவனித்தார். சில இடங்களில் குச்சிகள் கண்ணாடிமேல் செங்குத்தாக எழுந்து நின்றன. அப்படி நின்றால் கீழிருந்து வரும் ஒளிக்குக் குச்சியின் முனை மட்டுமே தெரியும். ஆகவே மேடையை எப்படிச் சுழற்றினாலும் அந்த இடம் இருட்டாகவே இருக்கும். திரவம் மாறிவிடவில்லை, நிற்கும் விதம் மாறியிருக்கிறது. எத்தனை பேர் அந்த இருட்டைப் பார்த்துவிட்டு அழுக்கு என்று துடைத்திருப்பார்கள்!

1909இல் லேமன் பாரிஸுக்குப் போய் இவற்றைச் செய்துகாட்டினார். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சார்ல் மொகான். 1911இல் மொகான் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே லேமன் பெயர் இருக்கிறது. அவர் செய்த வேலை நம்ம ஒர்க்‌ஷாப் புத்திக்கு நன்றாகப் புரியும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம். மேலே ஒட்டிய குச்சிகள் மேல் கண்ணாடியோடு, கீழே ஒட்டியவை கீழ்க் கண்ணாடியோடு. இப்போது ஒரு கண்ணாடியை மட்டும் திருப்பினால்? நடுவில் இருப்பவை சுழல்படிக்கட்டு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நிற்கின்றன. உள்ளே நுழையும் ஒளியின் அதிர்வுத் தளமும் அந்தப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டே திரும்பி வெளியே வருகிறது. 1913இல், பிளந்த மைக்கா போன்ற படிகத் தகடுகளும் இந்தத் திரவங்களுக்குத் திசை கொடுக்கின்றன என்று அவர் காட்டினார்.

சுவர் சொல்கிறது, திரவம் கேட்கிறது! லேமன் தொடங்கியதை மொகான் அளந்து காட்டினார். அன்று அதற்கு ஒரு பைசா உபயோகம் கிடையாது.

ஒரு சறுக்கலும் ஒரு முடிவும்

பெரிய மனிதர்கள் வாழ்க்கையை எழுதும்போது குறையை மறைத்து எழுதுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லேமனுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. சில திரவப் படிகத் துளிகள் புழு மாதிரி நீண்டன, நெளிந்தன, இரண்டாகப் பிரிந்தன, ஒன்றாகச் சேர்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்த மனிதருக்கு, உயிருக்கும் இதற்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று தோன்றிவிட்டது. திரவப் படிகங்களையும் உயிர் பற்றிய கொள்கைகளையும் இணைத்து 1906 முதல் எழுதவும் பேசவும் ஆரம்பித்தார். பொதுமக்கள் கூட்டம் ரசித்தது. சக விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். செல்களின் சவ்வே ஒருவகைத் திரவப் படிக அடுக்குதான் என்று இன்று தெரியும். ஆனால் நெளிவதெல்லாம் உயிரின் தொடக்கம் என்று நெருங்கிவிட முடியாது. கண் கண்டதில் அவர் தவறவில்லை. கண்டதற்கு மேலே கட்டிய மாடியில்தான் தவறினார்.

நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. 1922ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி கார்ல்ஸ்ரூவில் காலமானார். விதியைப் பாருங்க... அதே 1922இன் இறுதியில்தான் ஜார்ஜ் ஃபிரீடல் என்ற பிரெஞ்சுக்காரர் திரவப் படிகங்களை நெமாட்டிக், ஸ்மெக்டிக், கொலஸ்டிரிக் என்று வகைப்படுத்தி, விஷயத்துக்கு ஓர் உறுதியான அடித்தளம் போட்டார். திரவப் படிகம் என்ற பெயரே தவறு என்று ஃபிரீடல் வாதாடினார். ஆனால் உலகத்தின் வாயில் நின்றது லேமன் வைத்த பெயர். எல்.சி.டி. என்று நாம் சொல்லும்போதெல்லாம் முதல் இரண்டு எழுத்தும் அவருடையது.

தேய்த்த துணியின் கதை

அவர் இறந்த பின் கொஞ்ச காலம் அமைதி. 1940களில் பியர் ஷாத்லேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணாடியை ஒரே திசையில் தேய்த்தால் குச்சிகள் அந்தத் திசையில் படுக்கின்றன என்பதை முறையாக ஆராய்ந்தார். 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மயர் குழு முதல் திரவப் படிக டிஸ்ப்ளேக்களை அறிவித்தது. 1970 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் வேலை செய்த மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் மொகானின் சுழல்படிக்கட்டையே எடுத்து அதற்கு வோல்ட்டேஜ் கொடுத்தார்கள். நம் கால்குலேட்டர் பிறந்தது!

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வைவாவுக்கும் உதவும். இரண்டு கண்ணாடிகளின் உள்பக்கத்திலும் ஒளி ஊடுருவும் மின்வாய். அதன்மேல் பாலிஇமைடு பூச்சு, தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மேல் கண்ணாடியை ஒரு திசையிலும் கீழ்க் கண்ணாடியை அதற்குச் செங்குத்தான திசையிலும் துணி சுற்றிய உருளையால் தேய்ப்பார்கள். நடுவில் ஐந்து மைக்ரான் அளவுக்கு இடைவெளி விட்டுத் திரவத்தை நிரப்புவார்கள். குச்சிகள் 90 டிகிரி திரும்பிய படிக்கட்டாக நிற்கும். குறுக்கே வைத்த இரண்டு போலராய்டுகள் வழியே ஒளி திரும்பித் திரும்பி வெளியே வந்துவிடும்: வெளிச்சம். வோல்ட்டேஜ் கொடுத்தால் குச்சிகள் எழுந்து நிற்கும், படிக்கட்டு கலையும், ஒளி மாட்டிக்கொள்ளும்: கறுப்பு. வோல்ட்டேஜை எடுத்தால்? சுவரை ஒட்டிய குச்சிகள் இடம் மாறவே இல்லையே! அவற்றைப் பார்த்து மற்றவை பழைய வரிசைக்குத் திரும்பிவிடும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நிற்கும் முதல் வரிசை சரியாக இருந்தால் பின்வரிசையெல்லாம் தானாகச் சரியாகும் என்று டிரில் மாஸ்டர் சொல்வாரே, அதேதான்.

தேய்ப்பது எப்படித் திசை கொடுக்கிறது? 1972இல் டுவைட் பெர்ரிமன் சொன்ன விளக்கம்: தேய்த்தால் நுண்ணிய வரிப்பள்ளங்கள் விழுகின்றன, பள்ளத்தின் குறுக்கே படுத்தால் குச்சிகளின் வரிசை வளைய வேண்டும், நெடுக்கே படுத்தால் வளைய வேண்டாம், வளையாமல் இருப்பதற்குச் செலவு குறைவு. பாலிமர் பூச்சில் அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று என்று பின்னால் தெரிந்தது. துணி இழுக்கும் இழுப்பில் பூச்சின் மேல்தோலில் இருக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் தேய்த்த திசையில் சீவிவிட்டது போல் நீள்கின்றன. திரவத்தின் குச்சிகள் அவற்றை ஒட்டிப் படுக்கின்றன. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை மாதிரி!

இன்னொரு நுணுக்கம். குச்சிகள் தட்டையாகப் படுக்கக் கூடாது. தலைப்பக்கம் ஓரிரு டிகிரி தூக்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் வோல்ட்டேஜ் வரும்போது சில இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் எழுந்து, டிஸ்ப்ளே திட்டுத்திட்டாகிவிடும். தேய்த்த பூச்சு அந்தச் சின்னச் சாய்வையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. செங்குத்தாக நிறுத்த வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. லெசித்தின் மாதிரி, ஒரு முனை கண்ணாடியில் ஒட்டி, வால் மேலே நீளும் பொருளைப் பூசினால், வால்களுக்கு நடுவே குச்சிகள் எழுந்து நிற்கின்றன. லேமன் கண்ட அந்த இருட்டுதான்! பல டி.வி. திரைகளில் கறுப்பு நிறம் ஆழமாக வருவது இப்படிச் செங்குத்தாக நிற்கும் வகையால்.

துணிக்கும் குறை உண்டு. தூசி விழும். நிலைமின்சாரம் உண்டாகி உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைக் கெடுக்கும். ஆகவே 1990களின் தொடக்கத்தில், தொடாமலேயே தளவிளைவுற்ற ஒளியைப் பாய்ச்சித் திசை கொடுக்கும் முறை வந்தது. 2009இல் ஷார்ப் நிறுவனம் இதைப் பெரிய டி.வி. திரைத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. இன்று பல போன்களில் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரை வந்துவிட்டது. இருந்தாலும் நம் லேப் மல்ட்டிமீட்டர், பெட்ரோல் பங்க், எத்தனையோ டி.வி., லேப்டாப் எல்லாவற்றிலும் கண்ணாடி சொன்னபடி அந்தத் திரவம் நின்றுகொண்டிருக்கிறது.

சந்தேகமா? நானே செய்து பார்த்தேன். கெட்டுப்போன ஒரு கால்குலேட்டரைக் கழற்றி, திரையின் மேலே ஒட்டியிருந்த போலராய்டை மெதுவாக உரித்தேன். எண்கள் காணாமல் போயின, வெறும் கண்ணாடி. உரித்த தாளைக் கண்ணுக்கு முன் பிடித்துப் பார்த்தால் எண்கள் திரும்ப வந்தன. தாளை 90 டிகிரி திருப்பினால் கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக மாறியது. செலவு இல்லை, நீங்களும் பாருங்க.

நமக்கு என்ன?

டிப்ளமோ படிக்கிறவன் கைவேலைக்காரன், மூளை வேலை வேறு ஆள்களுக்கு என்று சொல்கிறவர்கள் வெளியே நிறையப் பேர். பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன். லேமன் வாழ்க்கையை அவர்கள் முன்னால் வைக்க எனக்கு ஆசை. டம்மானுக்குக் கோட்பாடு நிறையத் தெரியும். லேமனிடம் இருந்தது சுடரும் காற்றுக்குழாயும் இரண்டு பட்டகமும் பொருத்திய ஒரு மேடை. எந்த நட்டை எவ்வளவு திருகினால் என்ன தெரியும் என்று அவர் கைக்குத் தெரியும். அந்தக் கை கொடுத்த நம்பிக்கையில்தான், கண் பார்த்ததை விட்டுக்கொடுக்காமல் முப்பது வருஷத்துக்கும் மேல் நின்றார். கை தெரிந்ததை எழுத்தில் வைக்கவும் அவர் சோம்பவில்லை. நாமும் சோம்பக் கூடாது.

ஒன்று மட்டும் செய்வோம். அடுத்த முறை லேப்பில் எதிர்பாராத ஒரு ரீடிங் வந்தால், பக்கத்து பெஞ்சு நண்பனின் டேபிளைப் பார்த்துத் திருத்தி எழுதுவதற்கு முன், ஐந்து நிமிஷம் அதையே உற்றுப் பார்ப்போம். பத்தில் ஒன்பது தடவை ஒயர் லூசாக இருக்கும். பத்தாவது தடவை என்ன இருக்கும் என்று, பார்த்தவனுக்குத்தானே தெரியும்!